ரோட்டு நடுவுல ஒரு கோடு

நான் நிறம் பாக்கற ஆளில்லீங்க தம்பி. அத மொதல்லயே சொல்லிப்போடறேன். மத்ததெல்லாம் அப்பறம். நீங்க ஊடு வாங்க விசாரிக்க வந்திருக்கறீங்க, ஸ்கூல் எப்படீங்கன்னு ஒரு வார்த்த கேட்டீங்க. நான் பாட்டுக்கு நல்லாருக்குதுன்னு சொல்லி அனுப்பி உட்டுட்டா நாளைக்கு என்னைய என்ன நெனைப்பீங்க? அமெரிக்கா வந்தும் ஒரு கோபிக்காரன் ஈரோட்டுக்காரன ஏமாத்திப்போட்டான்னு பேச்சாயிரும். உக்காருங்க. சாவகாசமாச் சொல்றேன்.

இந்த ஜன்னல்ல பாருங்க. ரோடு தெரியுதுங்களா? ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஏரி ஓரம், பழைய ஊடுங்க. பெரிய பெரிய மரமா நிக்குதே, அது. இந்தப் பக்கம் நம்முளுது. பத்து வருசத்துக்கு முன்னால கட்டுனது. நம்மாளுங்க முக்காவாசிப் பேரு இங்கதான். தெலுங்குக்காரங்க இருக்கறாங்க, குஜராத்தி நாலு குடும்பம், தமிழ் மட்டும் பதினெட்டு ஊடு. தமிழ்ச் சங்கத்துக்கு நான்தானுங்க செயலாளர். சென்னியப்பன்னு கேட்டா இந்தப் பக்கம் தெரியாதவங்க இல்ல. வெள்ளக்காரங்களுக்கு வாயில நுழையாது, அவங்களுக்கு நான் 'சென்'.

இந்த ஊட்ட எதுக்கு வாங்குனேன்? மேப்பிள்க்ரோவ் ஸ்கூலுக்காக. பத்துக்குப் பத்து மார்க்கு வாங்குன ஸ்கூலுங்க. ஸ்கூலோட மார்க்கப் பாத்தேன், கையெழுத்துப் போட்டுட்டேன். ஊட்டுக்குள்ள வந்தே பாக்கல. சமையக்கட்டுல ரெண்டு பேரு நின்னா முழங்கை இடிக்குதுன்னு பூங்கொடி இன்னைக்கும் திட்டறா. பூங்கொடி என்ற சம்சாரம். "புள்ள சமையக்கட்டுலயா படிக்கப் போகுது?"ன்னு கேட்டேன்.

எங்களுக்கு ஒரே பொண்ணு. நிதிலா. பத்து வயசு. மூணு வருசம் மேப்பிள்க்ரோவுக்கு நடந்தே போயி வந்துட்டிருந்தா. எல்லாம் நல்லாத்தான் போச்சு.

போன வருசம் ஸ்கூல் போர்டுல இருந்து ஒரு மெயிலு. நம்ம மாவட்டத்துல ஒரு ஸ்கூல்ல வெள்ளக்காரப் புள்ளைங்களும் நம்ம புள்ளைங்களுமா இருக்கறாங்க, இன்னொரு ஸ்கூல்ல கறுப்பினத்துப் புள்ளைங்க மட்டுமே இருக்கறாங்க, இது சரியில்ல, எல்லாப் புள்ளைங்களும் ஒட்டுக்காப் படிக்கோணும், அதனால எல்லையெல்லாம் மாத்தி வரையப் போறோம், அப்படீன்னு. இங்கிருந்து இருநூறு புள்ளைங்கள பஸ்ல ஏத்தி ஈஸ்ட்மில் ஸ்கூலுக்கு அனுப்பறது, அங்கிருந்து இருநூறு பேர இங்க கொண்டாறது.

ஈஸ்ட்மில் ஹைவேக்கு அக்கட்டால இருக்குதுங்க. அவங்க இருக்கற பக்கம். எனக்கு அவங்க மேல ஒண்ணும் இல்ல. எங்க ஆபீஸ் வாசல்ல செக்யூரிட்டி ஒருத்தர் இருக்கறாரு, தினமும் குட்மார்னிங் சொல்லுவேன். பன்னண்டு வருசமாச் சொல்றேன். பேருதான் கேட்டதில்ல.

என்ற கவலை தூரந்தான் தம்பி. தூரம் மட்டுந்தான். கூகுள் பதினாலு நிமிசம்னு காட்டுச்சு. நான் நம்பல. நானே கார எடுத்துட்டுப் போயி அளந்தேன். மொதத் தடவ பதினாலு. ரெண்டாந் தடவ பதிமூணு. மூணாந் தடவ ஒரு குப்ப லாரி கெடச்சுது, அது பின்னாலயே போனேன், முப்பத்தொண்ணு. அதத்தான் நோட்டீசுல போட்டோம். தப்பில்லீங்களே? குப்ப லாரி தினமும் குறுக்க வராதுன்னு யாரு எழுதிக் குடுப்பாங்க?

நான் படிக்கப் போன தூரமா? ஆறாவதுல இருந்து கோபிக்கு டவுன் பஸ்சுல போனனுங்க. படியில தொங்கீட்டு, ஒரு மணி நேரம். அது வேறங்க. அது நல்ல ஸ்கூலுக்குப் போனது.

அந்த மெயில் வந்த மூணாம் நாள் கதவு தட்டற சத்தம். தொறந்தா டயேன் நிக்கறாங்க. ஏரிப் பக்கத்து ஊட்டுக்காரம்மா, ரெண்டு பக்கத்துக்கும் சேத்துக் குடியிருப்போர் சங்கத் தலைவி. பத்து வருசத்துல எங்கூட்டு வாசப்படி மிதிச்சதில்ல. மிதிச்சதில்லதான், ஆனா கடுதாசி போட்டிருக்கறாங்க. பூங்கொடி வாசல்ல கோலம் போட்டதுக்கு ஒண்ணு, மொளகாய் காயப் போட்டதுக்கு ஒண்ணு. அன்னைக்குக் கையில கேக்கோட வந்திருந்தாங்க.

"சென், நீங்கதான் எங்களுக்குத் தலைமை தாங்கணும்"னாங்க. "மேடையில நீங்க பேசுங்க. நாங்க பேசினா தப்பாப் புரிஞ்சுக்குவாங்க. நீங்க பேசினா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

எனக்குச் சிலிர்த்துப்போச்சுங்க. எத்தன பெரிய மனுசி! அவங்க போன பொறவு பூங்கொடி கேக்கறா, "உங்களுக்கு வெளங்குதா, எதுக்கு உங்களைய முன்னால நிறுத்தறாங்கன்னு?" வெளங்காம என்ன? நான் நல்லாப் பேசுவேன்.

அப்பறம் பாக்கோணுமே எங்க வேகத்த. மஞ்ச டி-ஷர்ட்டு அடிச்சோம். 'எங்கள் பிள்ளைகள், எங்கள் பள்ளி'ன்னு நெஞ்சுல. ஸ்கூல் போர்டு பொதுக் கூட்டத்துக்குப் பதினெட்டுத் தமிழ்க் குடும்பத்துல பதினேழு வந்துச்சு. வராத ஒண்ணு எங்கூடு. பூங்கொடிக்குத் தலவலின்னுட்டா. நான் ஒருத்தன் போட்டுட்டுப் போனேன். கூட்டம் மூணு மணி நேரம் ஆகும்னு தயிர்சோறு, ஊறுகாய் எல்லாம் கட்டி எடுத்துட்டுப் போனோம். டயேன்கூட ஒரு வாய் சாப்பிட்டாங்க. போட்டோ இருக்குது, போறப்பக் காட்டறேன்.

ஆளுக்கு ரெண்டு நிமிசம் மைக்கு. நான் என்ன பேசுனேன்னு கேளுங்க. ரெண்டே ரெண்டு பொட்டியோட இந்த நாட்டுக்கு வந்தேன். எனக்கு யாரும் எதையும் சும்மாத் தூக்கிக் குடுக்கல. எந்தச் சலுகையும் கேக்காம ஒழைச்சு முன்னேறுனேன். அதே மாதிரி அவங்களும் ஒழைக்கலாமில்ல, அப்படீன்னேன். எங்க பக்கம் ஒரே கைதட்டல்.

என்னங்க சிரிக்கறீங்க? இன்ஜினியரிங் சீட்டுக் கோட்டாவுல வாங்குனதுதான். இல்லீங்கல. அது வேறங்க. அது நமக்குச் சேர வேண்டியது.

எனக்கப்பறம் ஒரு அம்மா எந்திரிச்சாங்க. லொரேன்னு பேரு. ஈஸ்ட்மில் பக்கம். ஸ்கூல் பஸ் ஓட்டறவங்களாம், டிரைவர் சட்டையோடவே வந்துட்டாங்க. நேரா என்னையத்தான் பாத்தாங்க. "அந்த ஐயா முப்பத்தொரு நிமிசம்னு சொன்னாரு. அந்த ரூட்டுல நான் பதினொரு வருசமா பஸ் ஓட்டறேன், பதினஞ்சு நிமிசம். போகட்டும். நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப இதே மாவட்டத்துல நாலு வருசம் உங்க பக்கத்து ஸ்கூலுக்கு பஸ்சுல வந்தேன். நாப்பத்தஞ்சு நிமிசம். அன்னைக்கு யாரும் கடிகாரம் புடிச்சுட்டு நிக்கல. கறுப்புப் புள்ளைங்க வரக்கூடாதுன்னு வாசல்ல வேற என்னென்னமோ புடிச்சுட்டு நின்னாங்க. மொத நாள் கூட வந்த எங்கம்மா என் கண்ண மூடித்தான் உள்ள கூட்டிட்டுப் போனாங்க"ன்னாங்க. அப்பறம் ஒரு கேள்வி. "ஐயா எங்க ஸ்கூல உள்ள வந்து பாத்திருக்கறீங்களா?"

பாக்காமப் பேசுவனா? கூகுள்ல பாத்தேன். மூணு நட்சத்திரம். அதச் சொல்றதுக்குள்ள மணி அடிச்சுட்டாங்க. அந்தம்மாவுக்குக் கைதட்டு வேற. பழைய கதையெல்லாம் இப்ப எதுக்குங்க? ஆனதப் பேசி என்ன ஆகப்போகுது?

ஆறு மாசம் இழுத்துச்சு. கடைசில போர்டுக்காரங்க ஒரு அஞ்சு பேரக் கூப்பிட்டுச் சமரசம் பேசறதாச் சொன்னாங்க. நம்ம பக்கத்துல இருந்து டயேன் போனாங்க. நானும் வரட்டான்னு கேட்டேன். "வேண்டாம் சென், நீங்க இத்தன நாளு பட்டதே போதும்"னாங்க. என்ன ஒரு கரிசனம் பாருங்க.

மறுநாள் காலைல புது மேப் வந்துச்சு. கம்ப்யூட்டர்ல பெருசு பண்ணிப் பாக்கறேன். செவப்புக் கோடு. ஹைவேல இருந்து வளைஞ்சு வந்து, ரவுண்டானா தாண்டி, நம்ம ரோட்டுக்குள்ள நொழைஞ்சு, சரியா ரோட்டுக்கு நடுவுல போகுது. ஏரிப் பக்கம் மேப்பிள்க்ரோவ். இந்தப் பக்கம் ஈஸ்ட்மில்.

டயேன் ஊட்டுக்கு ஓடுனேன். அவங்க தோட்டத்துல பூச்செடிக்குத் தண்ணி உட்டுட்டிருந்தாங்க. "சென்! ஜெயிச்சுட்டோம்!"னாங்க. "நூத்தி நாப்பது ஊட்டக் காப்பாத்திட்டோம்!"

"எங்க ஊடுங்க?"ன்னேன்.

அந்தம்மா குழாய நிறுத்தல. "உங்க ஆளுங்க எந்த ஸ்கூலுக்குப் போனாலும் நல்லாப் படிச்சுருவாங்க, சென். உங்க பசங்களால அந்த ஸ்கூலுக்கு மார்க்கும் ஏறும், பன்முகத்தன்மையும் வரும். போர்டு கேட்டது அதத்தானே? நீங்கதான் அந்தப் பன்முகத்தன்மை"ன்னாங்க. சிரிச்சுட்டேதான் சொன்னாங்க.

ஆறு மாசமா எத எதுத்து மைக் புடிச்சனோ, அது நான்தானாம். கேட்டுட்டுத் திரும்பி வந்தேன். அந்தம்மாளக் குத்தஞ் சொல்ல மாட்டேன். அவங்களுக்கு என்ன நெருக்கடியோ. போர்டுக்காரங்க அவங்கள ஏமாத்திப்போட்டாங்க, அதுதான் எனக்குத் தோணுது. கோலத்துக்கு மறுபடி கடுதாசி வந்துச்சே, அது சங்கத்து விதி, அவங்க என்ன பண்ணுவாங்க?

நான் சும்மா உட்ருவனா? நிதிலாவுக்கு பஸ்சுல போனா வாந்தி வரும்னு ஒரு மனு எழுதுனேன். டாக்டர் சர்டிபிகேட் வேணும்னாங்க. நம்ம டாக்டர் தெய்வானையத்தான் கேட்டேன். புள்ளைய ஒரு பார்வ பாத்துட்டு, "கண்ணு, போன மாசம் ராட்டினத்துல எத்தன சுத்துப் போனே?"ன்னாங்க. "ஒம்பது!"ன்னு இவ கத்தறா. சரி, டாக்டர் சீட்டு இல்லாமயே மனுவ அனுப்புனேன். பதிலு வந்துச்சு. 'உங்கள் மகளுக்கு டிரைவருக்கு அடுத்த முன்சீட்டு ஒதுக்கப்பட்டுள்ளது.'

ஆகஸ்டுக் கடைசில ஸ்கூல் தொறந்துச்சு. மஞ்ச பஸ் நம்ம முக்குல வந்து நின்னுச்சு. ஸ்டியரிங்ல யாருன்னு நெனைக்கறீங்க? அதே லொரேனம்மா. "குட்மார்னிங் ஸார்"னாங்க. நிதிலா ஒரே தாவுல ஏறி முன்சீட்டுல உக்காந்துட்டா. அழுவான்னு பாத்தேன். கை காட்டவே மறந்துட்டா.

நான் பஸ் பின்னாலயே கார்ல போனேன். ஒரு பாதுகாப்புக்குத்தான். மறுநாளும் போனேன். ஆறாம் நாள் பஸ் ஒரு ஓரமா நின்னுச்சு. லொரேனம்மா எறங்கி வந்து கண்ணாடியத் தட்டுனாங்க. "ஐயா, தினமும் ஸ்கூல் பஸ் பின்னாலயே ஒருத்தர் வந்தா நான் போலீசுக்குச் சொல்லோணும். அதுதான் விதி. உங்களத் தெரிஞ்சதால சொல்லல. பாக்கோணும்னா நேரா உள்ளயே வந்து பாருங்களேன். வியாழக்கெழம மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் பெத்தவங்க உதவிக்கு வரலாம். என்ற பொண்ணும் உங்க பொண்ணு கிளாசுதான். ஜோனெல்"னாங்க.

போனேன். நெஞ்சுல 'விருந்தினர்'னு ஒட்டி உட்டாங்க. நான் ஒண்ணு ஒத்துக்கறேன் தம்பி, ஸ்கூல் சுத்தமாத்தான் இருந்துச்சு. சுவருல புள்ளைங்க வரஞ்ச படம், லைப்ரரி, எல்லாம் இருந்துச்சு. சாப்பாட்டுக் கூடத்துல நீள நீளமா மேஜை. ஒரு மேஜையில நம்ம புள்ளைங்க, நம்ம பக்கத்துல இருந்து வந்தது பூராவும். பக்கத்து மேஜையெல்லாம் அவங்க புள்ளைங்க. யாரும் பிரிச்சு உக்கார வெக்கல. தானாவே உக்காந்திருக்குது! எனக்கு எத்தன நிம்மதீங்கறீங்க. இந்த போர்டுக்காரங்க கோடி கோடியாக் கொட்டி பஸ் உட்டு என்ன பிரயோசனம், குழந்தைங்களுக்கே தெரியுது பாருங்கன்னு மனசுக்குள்ள ஒரு சிரிப்பு.

அப்பறந்தான் பாத்தேன். நம்ம மேஜையில நிதிலா இல்ல.

மூலைல ஒரு மேஜை. அங்க அவங்க புள்ளைங்க ஆறேழு பேரு, நடுவுல இவ. பக்கத்துல தலை பூராவும் சின்னச் சின்னச் சடை போட்ட ஒரு பொண்ணு. ரெண்டு பேரும் ஒரே புஸ்தகத்துல தலைய உட்டுட்டுச் சிரிச்சுட்டிருக்கறாங்க. நான் பக்கத்துல போயி மெதுவா, தமிழ்லதான் சொன்னேன்.

"கண்ணு, அங்க போயி உக்காரு."

"ஏம்ப்பா?"

"அங்க நம்ம புள்ளைங்க இருக்குது பாரு."

"இவளும் என் ஃப்ரெண்டுப்பா. இவதான் ஜோனெல்."

"சரி சரி, அப்பறம் பேசிக்கலாம், எந்திரி"ன்னு கையப் புடிச்சேன். இழுக்கலீங்க. புடிச்சேன், அவ்வளவுதான். அவ எந்திரிக்கல. சத்தமா இங்கிலீஷ்ல கேட்டா, "ஏன்? எதுக்குன்னு சொல்லுங்க." கூடமே திரும்பிப் பாத்துச்சு.

எனக்கு இங்கிலீஷ் வராதுங்களா? இருபது வருசமா மீட்டிங்கு மீட்டிங்கா அதுலதான் பேசறேன். ஆனா அந்தக் காரணத்துக்கு மட்டும் இங்கிலீஷ்ல ஒரு வாக்கியம் கெடைக்கல. தமிழ்ல இருந்துச்சு. நல்லாவே இருந்துச்சு. எப்படிச் சொல்றது?

அதுக்குள்ள அந்த ஜோனெல் தன்ற தட்ட எடுத்துட்டு எந்திரிச்சுருச்சு. "பரவால்ல ஸார், நான் அந்தப் பக்கம் போயிக்கறேன்"னுச்சு. தங்கமான புள்ளைங்க. சொல்லாமயே புரிஞ்சுக்கிச்சு. அப்படிப் புரிஞ்சுக்கற புள்ளைங்களால ஒரு தொந்தரவும் இல்ல. என்ற பொண்ணுதான் அது சட்டையப் புடிச்சு இழுத்து மறுபடி உக்கார வெச்சுட்டா.

நான் வந்துட்டேன். ரெண்டு நாள்ல ஸ்கூல்ல இருந்து லெட்டர். இனிமே உள்ள வரோணும்னா முன்கூட்டியே அனுமதி வாங்கோணுமாம். விருந்தாளியக் கூப்பிட்டுட்டு இப்படிப் பண்ணலாங்களா?

லெட்டரப் படிச்சுட்டு பூங்கொடி ஒரே கேள்விதான் கேட்டா. "அவ ஏன்னு கேட்டாளே, என்ன சொன்னீங்க?"

நான் சொன்னேன், எங்க காலத்துல புள்ளைங்க ஏன்னு கேக்காதுன்னு. நெசந்தானுங்களே? எங்கூரு பள்ளிக்கூடத்துல மூணாவது படிக்கறேன். மதியம் சத்துணவு போடுவாங்க. நாங்க புளியமரத்தடில உக்காருவோம், அந்தப் பக்கத்துப் பசங்க கக்கூசு செவுத்தோரம் உக்காருவாங்க. யாரும் சொன்னதில்ல, அவங்களுக்கே தெரியும். ரங்கான்னு ஒருத்தன். கோலிக்குண்டுல கெட்டிக்காரன். ஒரு நாளு ஏதோ பேச்சு வாக்குல நானும் அவனும் ஒட்டுக்கா உக்காந்துட்டோம். எங்கப்பா அந்த வழியா வந்தவரு பாத்துட்டாரு. ஒரு வார்த்த பேசலீங்க. வந்தாரு, என்ற கையப் புடிச்சு எழுப்புனாரு, புளியமரத்தடில உக்கார வெச்சாரு, போயிட்டாரு. நான் ஏன்னு கேட்டனா? கேக்கல. ரங்கானும் கேக்கல. தட்ட எடுத்துட்டு அவனாவே செவுத்தோரம் போயிட்டான். எத்தன மரியாத! அடுத்த வருசம் அவன் பள்ளிக்கூடமே வரல. எங்க தோட்டத்துலதான் மாடு மேச்சான். அவங்களுக்குப் படிப்புல நாட்டம் இல்லீங்க, அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?

இதச் சொன்னதுக்கு பூங்கொடி என்னையப் பாத்த பார்வ இருக்குதே. ஏன்னே தெரியல. அப்பறம் எந்திரிச்சு உள்ள போயிட்டா.

அதாகி ஒரு மாசம் ஆச்சு. நிதிலா எங்கிட்டப் பேசறதில்ல. 'ஆமா', 'இல்ல', 'தெரியல'. முன்னயெல்லாம் ஸ்கூல் விட்டு வந்தா வாய் ஓயாது. இப்பப் பேசறதெல்லாம் அவங்கம்மாகிட்டத்தான், அதுவும் கதவச் சாத்திட்டு. அந்த ஸ்கூலுக்குப் போயித்தான் இப்படி ஆயிட்டா, வேற என்ன? அதுக்குத்தான் உங்களுக்குச் சொல்றேன், ஊடு வாங்கறதுன்னா ஏரிப் பக்கமாப் பாருங்க. டயேன்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். உங்களுக்கு நல்லா இங்கிலீஷ் வருது, அவங்களுக்குப் புடிக்கும்.

ஒரே ஒரு நல்லது நடந்திருக்குதுங்க, அதையும் சொல்லிப்போடறேன். புள்ளைக்குப் பசி எடுத்திருக்குது. மேப்பிள்க்ரோவ்ல படிக்கும்போது எலுமிச்சஞ்சோறு அர டப்பா திரும்பி வரும். இப்பக் காலைல சமையக்கட்டுல நின்னுட்டு, ஒண்ணு பத்தாது, ரெண்டு டப்பா வேணுங்கறா. ரெண்டும் வழிச்சுக் காலியா வருது. "ஒரு புள்ளைக்கு ரெண்டு டப்பாவா?"ன்னு கேட்டேன். பூங்கொடிதான் ரெண்டாவது மூடிய அழுத்தி மூடிட்டே சொன்னா, "தூரமா பஸ்சுல போற புள்ளைங்க. பசிக்கும்"னு.

பாத்தீங்களா? தூரம் ஆகாது, ஆகாதுன்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். இப்பத்தான் இவளுக்கே வெளங்குது.